வடு, வற்றல், வடகம்: எது கெட்டது, ஏன் கெட்டது, எதைக் காப்பாற்றலாம்

மாசிக் கடைசியில் சந்தைக்கு மாவடு வரத் தொடங்கியதிலிருந்து கத்திரி வெயில் ஓயும் வரை, ஜாடி வேலையும் மாடி வேலையும் மாறி மாறி நடக்கும். அந்த வேலையில் வழக்கமாக வரும் கோளாறுகளைக் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே கீழே பிரித்திருக்கிறோம். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். உப்பைப் பற்றிய அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கீழே உள்ளவற்றில் பாதிக்குமேல் அங்கேதான் போய் நிற்கும்.

முதலில் உப்பு

பாட்டிமார் கையளவாகப் போட்ட உப்பு சரியாக இருந்தது என்றால், கையும் ஜாடியும் உப்பும் வருடா வருடம் அதேதான் என்பதால். இப்போது உப்பு மாறிவிட்டது. ஒரு கப் தூள் உப்பு ஏறக்குறைய 280 கிராம் நிற்கும். அதே கப்பில் கல் உப்பு, கல்லின் அளவைப் பொறுத்து, 200 முதல் 240 கிராம்தான் பிடிக்கும். கல் உப்புக்குச் சொன்ன கப் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும். தூளுக்குச் சொன்ன கணக்கில் கல்லைப் போட்டால் குறைந்து கெடும். ஆகவே தராசில் நிறுத்துப் போடுங்கள். சமையலறை மின்தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

இன்னொன்று, ரத்தக் கொதிப்புக்குப் பயந்து ஜாடியில் உப்பைக் குறைப்பது. இன்று வீடுகளில் ஊறுகாய் கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. உப்பைக் குறைக்க வேண்டிய இடம் இலை. இரண்டு வடு எடுக்கிற இடத்தில் அரை வடு எடுங்கள். ஜாடியில் அது ருசிக்காக மட்டும் இல்லை. ஒரு கிலோ வடுவில் சுமார் 850 கிராம் தண்ணீர் இருக்கிறது. 150 கிராம் உப்பு போட்டால் கடைசியில் நிற்கும் நீர் 15 சதவீத உப்பு நீர். 60 கிராம் போட்டால் 6.6 சதவீதம்தான், அதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாராளமாகப் பிழைக்கும்.

அயோடின் கலந்த உப்பு போட்டாலே ஊறுகாய் கெட்டுவிடும் என்பார்கள். அப்படியில்லை. கட்டி தட்டாமலிருக்க அதில் சேர்க்கும் பொருள் உப்பு நீரைக் கலங்க வைக்கும், அவ்வளவுதான். ஆனாலும் தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக் கல் உப்பு கிடைக்கும்போது வேறெதற்கும் போக வேண்டாம். முறத்தில் கொட்டி மண்ணும் தூசியும் பார்த்து, ஒரு வேளை வெயில் காட்டிவிட்டு நிறுங்கள். ஈரமாக நிறுத்தால் எடையில் தண்ணீரும் சேர்ந்துவிடும்.

மாவடு ஜாடியில் மேலே வெள்ளையாக ஆடை கட்டுகிறது

முதலில் கரண்டியால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய, தட்டையான, சில சமயம் சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம், பஞ்சு போல எழும்பாமல், லேசான புளித்த மாவு வாடையோடு இருந்தால் அது ஈஸ்ட். பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு என நிறம் கண்டாலோ, முடி முளைத்ததுபோல் பூத்திருந்தாலோ அது பூஞ்சை.

பூஞ்சை என்றால் ஜாடியோடு போய்விட்டது. மேலே உள்ளதை வழித்துப் போட்டுவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடுவது பழைய வழக்கம்தான். கைவிட வேண்டிய வழக்கமும்கூட. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். அது புளிப்பைத் தின்று நீரின் காவலைக் குறைக்கும். சில வகைகள் நஞ்சும் விடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு எல்லாம் போய்விடாது.

ஈஸ்ட் என்றால் காப்பாற்றலாம். ஈரமில்லாத கரண்டியால் படலத்தை முழுதாக எடுங்கள். கடுகும் மிளகாயும் இன்னும் அரைத்துச் சேர்க்கவில்லை என்றால், நீரை மட்டும் வடித்து, கிலோ வடுவுக்கு 25 கிராம் உப்பு கூடச் சேர்த்து, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, முழுதாக ஆறிய பிறகு திரும்ப ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் வடு வெந்து தோல் கழன்றுவிடும். காரம் சேர்த்தாகிவிட்டது என்றால் கொதிக்க வைக்க வேண்டாம். உப்பை மட்டும் சேர்த்துக் கிளறி, ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

அது மீண்டும் வராமலிருக்க வேண்டுமானால் வடு நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. ஜாடி வாய்க்குள் நுழையும் சிறிய பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கழுவிக் காயவைத்த கனமான கல் ஒன்றை வையுங்கள். வேடு கட்டுவது குலுக்கிவிடும் முதல் சில நாளுக்குத்தான். வடு சுருங்கி அடங்கிய பிறகும் துணி மட்டும் கட்டி வைத்தால் காற்று போய்வரும். மூடியைப் போட்டு இறுக்குங்கள்.

நான்கு நாளாகியும் வடு நீர் விடவில்லை, சுருங்கவும் இல்லை

கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு, ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய், ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள். இந்தக் கணக்கில் போட்டுத் தினம் இரண்டு வேளை குலுக்கிவிட்டால் மூன்றாம் நாள் நீர் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் தோல் சுருங்கும். சுருங்காவிட்டால் ஒரு வடுவைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி நடுவில் தட்டினால் கொட்டை முற்றிவிட்டது. அதைக் காத்திருந்து பயனில்லை. துண்டாக நறுக்கி வெட்டு மாங்காய் போட்டுவிடுங்கள்.

கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனால் வடுவில் குற்றமில்லை, குலுக்கலில்தான். உப்பு அடியில் தங்கிவிட்டது. கையை விட்டுக் கிளறாமல், ஜாடியை இரு கையாலும் பிடித்து அடியிலிருப்பது மேலே வரும்படி குலுக்குங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுவது பலர் செய்கிற காரியம். அத்தோடு உப்பின் கணக்கு போய்விடும். நீர் போதவில்லை என்றால் 850 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, 150 கிராம் உப்பைக் கரைத்து, ஆறவைத்து, வடு மூழ்கும் அளவு ஊற்றுங்கள்.

வடு கொழகொழவென்று ஆகிவிட்டது

கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டிய வடு மெத்தென்று போனால் பழைய நிலைக்குத் திரும்பாது. காரணத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் திருத்தலாம். பெரும்பாலும் காற்றுக்கு உதிர்ந்து தரையில் அடிபட்ட வடுவைக் குவியலில் கலந்து விற்றிருப்பார்கள். பறித்த வடுவில் காம்பு அரை அங்குலமாவது நிற்கும், தோலில் பால் காய்ந்த தடம் இருக்கும். உதிர்ந்ததில் காம்பு இருக்காது. காம்பிருந்த குழி வழியே கிருமி நேராக உள்ளே போகும். வாங்கி வந்ததும் காம்பில்லாதது, கன்றிப்போனது, கருப்புப் புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் தனியே எடுத்து அன்றே பச்சடியோ குழம்போ வைத்துவிடுங்கள். ஒரு கிலோவில் கால் கிலோ இப்படிக் கழிந்தாலும் பரவாயில்லை.

உப்புக் குறைவு இன்னொரு காரணம். கழுவிய ஈரத்தோடு போட்டது மூன்றாவது. கழுவிய வடுவைத் துணியில் பரப்பி நிழலில் முழுதாக உலரவிட வேண்டும். காம்படியில் ஈரம் தங்கும், அதைத் தனியாகத் துடைக்க வேண்டும்.

மெத்தென்று ஆனவை நல்ல வாசனையோடு இருந்தால் கொட்டை நீக்கி அரைத்து, நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கிவிடலாம். வழவழப்பும் துர்வாடையும் சேர்ந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

வடு நன்றாக இருக்கிறது, ஆனால் கசக்கிறது

கடுகின் குணம் அது. கிலோவுக்கு 25 கிராம் கடுகும் 40 முதல் 50 கிராம் காய்ந்த மிளகாயும் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். அரைத்த கடுகு முதலில் சிறிது கசக்கும். ஒரு வாரம் போனால் அடங்கும். அரைக்கும்போது குழாய்த் தண்ணீர் சேர்க்காமல் ஜாடியிலிருந்து எடுத்த உப்பு நீரையே ஊற்றி அரையுங்கள். கடுகை வறுக்க வேண்டாம். எண்ணெய் ஊறுகாய்க்கு வெந்தயம் வறுக்கும்போது கருகவிட்டால் வரும் கசப்பு வேறு ரகம். அது எத்தனை மாதமானாலும் போகாது.

உப்பு நார்த்தங்காய் மேல் வெள்ளைப் பொடி

பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது உப்பு. சுருளாக நறுக்கி உள்ளே உப்பு அடைத்து, பகலில் வெயிலிலும் இரவில் தன் சாற்றிலுமாக மாற்றி மாற்றிப் போட்டு, சாறு முழுவதும் உள்ளே இழுத்த பிறகு காயவிடும்போது உப்பு மேலே படிகமாக வந்து நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் பிசுபிசுத்தாலோ, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய இழை எழுந்து தெரிந்தாலோ பூஞ்சை.

வருடம் ஏற ஏற நார்த்தங்காய் கருப்பது கெடுதல் இல்லை. கசப்பு தாங்கவில்லை என்றால் காய் பிஞ்சாக இருந்திருக்கும், அல்லது நாள் போதவில்லை. மஞ்சள் ஓடத் தொடங்கிய காயாக எடுங்கள். போட்ட மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எண்ணெய் ஊறுகாய் நுரைக்கிறது, மூடி திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது

உள்ளே நொதித்துக்கொண்டிருக்கிறது. எங்கோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது: சரியாகத் துடைக்காத மாங்காய், ஈரக் கரண்டி, அல்லது சூட்டோடு மூடியதில் மூடியிலிருந்து சொட்டிய ஆவி. ஊறுகாய்க்கு ஈரக்கை ஆகாது என்று பெரியவர்கள் அதட்டியதற்குக் காரணம் இதுதான். புளித்த வாடை மட்டும் என்றால் கிலோவுக்கு உப்பு 20 கிராம் கூட்டி, அகலமான பீங்கான் பாத்திரத்தில் பரப்பி ஒரு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். ஜாடியைக் கழுவிக் காயவைத்து, திரும்ப நிரப்பி, நல்லெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவைத்து, துண்டுகளுக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி ஊற்றுங்கள். மறுநாள் எண்ணெய் இறங்கியிருக்கும். மறுபடி ஊற்ற வேண்டும். மேலே வறண்டு நிற்கும் துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

பூண்டு ஊறுகாய்க்கு மட்டும் இந்தச் சமாதானம் எதுவும் வேண்டாம். பூண்டில் தனக்கென்று புளிப்பு இல்லை. எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் கிடக்கும் பூண்டில், புளியோ எலுமிச்சையோ போதாவிட்டால், பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். அதற்கு வாடையும் இருக்காது, நிறமும் மாறாது. கால் கிலோ பூண்டுக்கு எலுமிச்சம்பழ அளவுப் புளியின் கெட்டிக் கரைசலும் 40 கிராம் உப்பும் சேர்த்து, பூண்டு நன்றாக வெந்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கும் புது வழக்கம் எந்தப் பாட்டியும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூழ் வடகம்: காய்ந்ததும் நொறுங்கிப் பொடியாகிறது

கூழ் வேகவில்லை. அச்சில் பிழியும் வடகத்துக்கு 4 கப் பச்சரிசி மாவு, அரை கப் ஜவ்வரிசி, 12 முதல் 13 கப் தண்ணீர், 20 கிராம் உப்பு, 15 பச்சை மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். ஜவ்வரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை தனியே வேகவிட்டு, அதன்பிறகே குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்த மாவை ஊற்ற வேண்டும். மாவு கெட்டியானதும் வெந்துவிட்டது என்று இறக்குவதுதான் தவறு. கெட்டியான பிறகும் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கிளற வேண்டும். வெள்ளை மங்கிக் கூழ் பளபளக்கும். கையை நனைத்துத் தொட்டால் விரலில் ஒட்டாது. அரிசி மாவுச்சத்து 70 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று பிணையத் தொடங்குகிறது. அடியில் கொதித்து மேலே கொதிக்காத பாத்திரத்தில் பாதி மாவு பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சை மாவுதான் காய்ந்ததும் உதிர்கிறது.

எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு சேருங்கள். உப்பைக் கூழின் ருசிக்குப் போடாதீர்கள். நீர் வற்றியதும் எடை நாலில் ஒரு பங்காகும், உப்பு அப்படியே நிற்கும். வாயில் வைத்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கிற கூழ்தான் பொரித்தால் சரியாக இருக்கும்.

நொறுங்கியவற்றைக் கொட்ட வேண்டாம். தூளைப் பொரித்து மோர்க்குழம்பில் போடலாம், தயிர் சாதத்துக்கும் தூவிக்கொள்ளலாம்.

துணியை விட்டு வடகம் வர மறுக்கிறது

பழைய பருத்தி வேட்டியை நனைத்து நன்றாகப் பிழிந்து விரித்திருக்க வேண்டும். மாலையில் மேல்பக்கம் காய்ந்ததும் துணியோடு திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் விட்டு, துணியை இழுத்துப் பிடித்தால் வடகம் தானாகக் கழலும். வடகத்தைப் பிடித்து இழுத்தால் உடையும். கழற்றியதை மறுநாள் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி தாம்பாளத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் கழற்றுவது சுலபம், ஆனால் அடியில் காற்று கிடைக்காது, ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். காக்கைக்குக் கருப்புக் குடை விரித்து வைப்பது முதல் நாள் பலிக்கும். மூன்றாம் நாள் காக்கை குடைமேலேயே உட்காரும். கொசுவலையை நாலு மூலையும் தூக்கிக் கட்டிவிடுவதுதான் நிம்மதி.

வடகம் எண்ணெயில் பொரியாமல் கல்லாகக் கிடக்கிறது

ஒரு வடகத்தை மட்டும் போட்டுச் சோதியுங்கள். போட்டதும் அடியில் தங்கி மெதுவாக மேலே வந்தால் எண்ணெய் சூடு போதவில்லை. 180 டிகிரியைத் தாண்ட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சிறு துண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு எண்ணுவதற்குள் எழும்புகிறதா என்று பாருங்கள். எண்ணெய் சரியாக இருந்தும் விளிம்பு மட்டும் பொரிந்து நடு கடினமாக நின்றால் உள்ளே ஈரம். வாணலியை இறக்கிவிட்டு, மீதியை இன்னும் ஒரு நாள் வெயிலில் போடுங்கள். முழுதுமே பொரியவில்லை, காய்ந்தது உடைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது என்றால் மேலே சொன்ன வேகாத கூழ், அதற்கு மருந்தில்லை.

போன வருட வடகம் சரியாகப் பொரியாவிட்டால் அது மழைக்காலத்தில் ஈரம் குடித்திருக்கும். பொரிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும்.

பொரித்ததும் சிவந்துபோவது வேறு கோளாறு. எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்திருக்கும். அல்லது கூழ் புளித்துவிட்டது. புளிக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைகிறது, சர்க்கரை சீக்கிரம் சிவக்கும்.

பிழிந்துவிட்டோம், வானம் மூடிக்கொண்டது

முதல் நாள் பகல் முழுக்க நல்ல வெயில் பட்டு மேலே தோல் கட்டியிருந்தால் பயமில்லை. உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் விடிய விடிய வையுங்கள். தோலே கட்டாத ஈரக் கூழ் என்றால் விசிறியை நம்பாதீர்கள். வெந்த அரிசியில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தரும் பாசில்லஸ் கிருமி, அறைச் சூட்டில் ஓர் இரவிலேயே பெருகும். அது விடும் ஒரு வகை நஞ்சு பொரித்தாலும் அழியாது. பிழிந்ததை வழித்து டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சூடாக்கித் திரும்பப் பிழியலாம். நூல் இழுத்தாலோ, இளஞ்சிவப்போ ஆரஞ்சோ படர்ந்தாலோ கொட்டிவிடுங்கள். இதனால்தான் முந்திய இரவே கூழ் கிளறி வைப்பதைவிட, விடிகாலை 4 மணிக்கு எழுந்து கிளறி, வெயில் ஏறுமுன் பிழிந்து முடிப்பது நல்லது.

மாடி இல்லாத வீடுகளுக்கு

அடுக்குமாடியில் பால்கனிக்கு மூன்று மணி நேர வெயில்தான் வரும் என்றால் கூழ் வடகத்தை அளவு குறைத்துப் பிழியுங்கள். ஒரு கப் மாவு ஒரு தடவைக்கு. உணவு உலர்த்தும் மின்கருவி இருந்தால் 55 முதல் 60 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம். நடுவில் ஒருமுறை தட்டுகளை மேலும் கீழும் மாற்றுங்கள். சூட்டைக் கூட்டி வேகமாக முடிக்கப் பார்த்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மதியத்துக்குமேல் கடல்காற்று ஈரத்தோடு வரும். 5 மணிக்கு எடுக்கிற வழக்கத்தை 3 அல்லது 3.30-க்கு மாற்றுங்கள். மதுரையிலும் காரைக்குடியிலும் இரண்டு நாளில் காய்வது இங்கே நான்கு நாள் எடுக்கலாம். அது செய்கிறவர் கைக்குற்றம் இல்லை.

காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரே உறுதியான வழி எடைதான். பத்து வடகத்தை அடையாளம் வைத்து இன்று மாலை நிறுங்கள், நாளை மாலையும் நிறுங்கள். எடை குறையாமல் நின்றால் டப்பாவுக்குப் போகலாம். வற்றல், மோர் மிளகாய், தாளிப்பு வடகம் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

மோர் மிளகாய் உள்ளே கருத்துப் பூஞ்சை

வெளியே வெளுத்து அழகாக இருக்கும், உடைத்தால் விதையைச் சுற்றிக் கருப்பு. மிளகாயைக் கீறாமல் போட்டதால் மோர் உள்ளே போகவில்லை, உள் ஈரமும் வெளியே வரவில்லை. காம்பை விட்டுவிட்டு நடுவில் ஓர் அங்குலம் கீறுங்கள். கால் கிலோ மிளகாய்க்கு அரை லிட்டர் புளித்த கெட்டி மோர், 40 கிராம் உப்பு. இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு பகலில் வெயில், இரவில் மோர் என்று மோர் தீரும்வரை. ஒரே நாளில் மோரிலிருந்து எடுத்து ஒரேயடியாகக் காயவிட்டால் உப்பு உள்ளே ஏறாது. உள்ளே கருத்ததை உடைத்துப் பார்த்துப் பார்த்துக் கழித்துவிடுங்கள். பொரிக்கும்போது நொடியில் கருகுவது மோரின் சர்க்கரையால். எண்ணெயைக் குறைந்த சூட்டில் வையுங்கள்.

சுண்டைக்காய் வற்றலில் கசப்பு மிஞ்சினால் காயைத் தட்டி விதையை அலசாமல் போட்டிருப்பீர்கள்.

தாளிப்பு வடகம் வெளியே காய்ந்து உள்ளே ஈரம்

உருண்டை பெரிதாகிவிட்டது. ஒரு கிலோ சின்ன வெங்காயம், 200 கிராம் பூண்டு, 150 கிராம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த உளுந்து, 50 கிராம் கடுகு, சீரகமும் வெந்தயமும் 25 கிராம் வீதம், மஞ்சள், ஒரு பிடி கறிவேப்பிலை, 60 கிராம் உப்பு. வெங்காயத்தை அரைக்காமல் இடியுங்கள். மிக்சியில் விழுதானால் நீர் விட்டுக் காயவே காயாது. உருண்டை எலுமிச்சம்பழத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் மூன்று நாள் மாலையில் உடைத்து, பிசைந்து, மறுபடி உருட்ட வேண்டும். அதைச் செய்யாமல் முதல் நாளே உருட்டி அப்படியே விட்டதுதான் உள் ஈரத்துக்குக் காரணம். நல்ல வெயிலிலும் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும்.

உள்ளே வெறும் ஈரம் என்றால் எல்லாவற்றையும் உதிர்த்து, உதிரியாகவே காயவைத்து எடுத்து வைக்கலாம். தாளிப்பில் ருசி மாறாது. பச்சைப் பூஞ்சை கண்ட உருண்டை போனதுதான், பக்கத்தில் ஒட்டிக் கிடந்ததும் சேர்த்து.

விளக்கெண்ணெய் 50 மில்லி போதும், உருட்டும்போது கையில் தடவி. சமையலுக்கு உகந்ததா என்று பார்த்து வாங்குங்கள். தலைக்கென்று வாசனை சேர்த்து விற்பது ஆகாது. இந்த வடகம் புதுச்சேரி வழியாக பிரெஞ்சுச் சமையலுக்குள் நுழைந்து ‘வடுவான்’ ஆகியிருக்கிறது. அங்கே வெயிலை எதிர்பார்க்க முடியாது, ஓவனில் உலர்த்துகிறார்கள். மழையில் மாட்டிக்கொண்டால் நீங்களும் செய்யலாம்: உதிர்த்த நிலையில், ஓவனின் மிகக் குறைந்த சூட்டில், கதவை விரற்கடை திறந்து வைத்து.

உப்புக்கண்டத்தில் வாடை, கருவாட்டில் சிவப்பு

உப்புக்கண்டம் கெடுவதற்குக் கொழுப்பும் தடிமனும்தான் காரணம். கொழுப்பை முழுதாக நீக்குங்கள். அது வெயிலில் சிக்கு வாடை பிடிக்கும், உப்பு அதைத் தடுக்காது. கறியை விரல் தடிமனுக்கு மேல் போகாமல் நீளவாக்கில் அறுத்து, கிலோவுக்கு 100 கிராம் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒன்றையொன்று தொடாமல் நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். முதல் நாள் வெயிலே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூட்டமாக இருந்தால் அன்று வெளியே எடுக்கவே வேண்டாம். ஈ மொய்த்துப் புழு கண்டாலோ, வளைத்தால் நடுவில் ஈரமும் அழுகல் வாடையும் இருந்தாலோ பொரித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படர்வது உப்பளத்து உப்பிலேயே வாழும் கிருமி. மற்றவை சாகும் உப்பில் அது செழிக்கும். புதிதாக உப்புப் போடுகிறவர்கள் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, பழைய தொட்டியில் மீந்த உப்பை மறுபடி எடுக்காமலிருந்தால் பெரும்பாலும் வராது. வாங்கியதில் சிவப்பும் பிசுபிசுப்பும் கண்டால் திருப்பிக் கொடுங்கள். சூரை, கானாங்கெளுத்திக் கருவாடு நாக்கில் மிளகுபோல் சுரீரென்று பிடித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிடித்த மீனை உப்பிடும் முன் வெயிலில் காக்க வைத்ததால் ஹிஸ்டமின் சேர்ந்திருக்கும். முகம் சிவப்பது, தலைவலி, தடிப்பு எல்லாம் அதனால் வரும், பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது.

டப்பாவில் வண்டு

வெயிலில் கொட்டினால் வண்டு பறந்துபோகும், முட்டை அங்கேயே இருக்கும். வற்றலையோ மிளகாயையோ உறையில் காற்றில்லாமல் கட்டி 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த வற்றல்மேல் நீர் கோக்கும். பிறகு சலித்து, ஒரு வேளை வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும், அந்த ஒரு சொட்டு போதும் மறுபடி பூஞ்சைக்கு. ஒரே பெரிய டப்பாவுக்குப் பதில் கால் கிலோ டப்பா நான்காகப் பிரித்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.